மண்ஜாடிக்கு எதற்கு வெள்ளிப் பூண்? மாலிங் ஜாடிகள் பற்றிப் பேசுவோம்

குயவர்வீதி எழுதியது:

மாலிங் ஜாடிகளைப் பற்றி இந்தக் குழுவில் இதுவரை ஒரு இழைகூட இல்லை. சீனப் பீங்கானுக்கும் டெல்ஃப்ட் ஓடுகளுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இவை விட்டுப்போனது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கையால் தூக்கிக் குடிக்கிற அளவில் சின்ன ஜாடி. உருண்டை வயிறு, நேராக மேலே போகும் கழுத்து, ஒற்றைக் கைப்பிடி. மேற்பரப்பு முழுக்க நீலமோ ஊதாவோ பழுப்போ பொட்டுப் பொட்டாகத் தெறித்திருக்கும். சிலவற்றில் ஒரே சீரான மயில்நீலம். அடியில் இருப்பது சாதாரணச் சுட்ட மண், அதன்மேல் வெள்ளீயம் (டின்) கலந்த பளபளப்புப் பூச்சு. இவ்வளவுதான் ஜாடி. ஆனால் கழுத்து விளிம்பிலும் அடியிலும் கைப்பிடி உச்சியிலும் தங்கமுலாம் பூசிய வெள்ளிப் பூண். மேலே கீல் வைத்த வெள்ளி மூடி. அந்த மூடியில் பழக்கொத்தும் சிங்க முகமும் புடைப்பு வேலையாக. மண் ஒரு பக்கம் எளிமையாக இருக்க, வெள்ளி இன்னொரு பக்கம் கல்யாணக் களையோடு நிற்கும்.

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் வெஸ்ட் மாலிங் என்ற ஊர்த் தேவாலயத்தில் இப்படி ஒரு ஜாடி இருந்தது. அதன் வெள்ளியில் லண்டன் முத்திரை, ஆண்டு 1581. அந்த ஊர்ப் பெயரே இந்த வகை முழுவதற்கும் நிலைத்துவிட்டது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இந்த வகை ஜாடிகள் இருக்கின்றன.

என் கேள்வி: கீழே விழுந்தால் உடையும் ஒரு மண்பாண்டத்துக்கு, அதைவிடப் பல மடங்கு விலைபோகும் உலோகத்தை ஏன் பூட்டினார்கள்? அந்தப் பூணை வைத்து ஜாடியைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? முடியும் என்பது என் நம்பிக்கை. ஆனால் வெள்ளியையும் மண்ணையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். அருங்காட்சியக அட்டையில் ஒற்றை வரியில் "1581" என்று போட்டால் பாதி விஷயம் மறைந்துபோகிறது.

செம்மண்காடு எழுதியது:

நான் மண்பாண்டம் படிக்கிற மாணவி. வெள்ளீயம் எதற்கு என்று முதலில் சொல்லுங்கள் அண்ணா. ஈயப் பளபளப்பு மட்டும் போதாதா?

குயவர்வீதி எழுதியது:

போதும்மா, தண்ணீர் ஒழுகாமல் இருக்க ஈயமே போதும். ஆனால் ஈயப் பளபளப்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். அடியில் இருக்கும் செம்மண்ணோ மஞ்சள் மண்ணோ அப்படியே வெளியே தெரியும். அதில் வெள்ளீய ஆக்சைடு, சுமாராக நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு, கலந்தால் பளபளப்பு பால்போல வெளுத்துவிடும். மண் மறைந்துவிடும். வண்ணம் தீட்ட வெள்ளைத் தளம் கிடைத்துவிடும். கோபால்ட் நீலம், செம்பிலிருந்து பச்சை, மாங்கனீஸிலிருந்து ஊதா, ஆன்டிமனியிலிருந்து மஞ்சள். மாலிங் ஜாடிகளில் இவற்றைத் தூரிகையால் வரையவில்லை, தெளித்திருக்கிறார்கள்.

சூளையில் இரண்டு தடவை வைக்க வேண்டும். முதல் சூடு மண்ணை இறுக்க, ஆயிரம் டிகிரி அளவில். இரண்டாவது பளபளப்பு உருக. மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது மண்ணும் மேற்பூச்சும் ஒரே அளவில் சுருங்காது. பூச்சு மயிர்க்கோடு விடும், இல்லை பெயர்ந்துவிடும். அப்படியும் இந்தப் பாண்டங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு: விளிம்பு. உதடு படும் இடமும், மேசையில் உரசும் அடிவளையமும் முதலில் சில்லுச் சில்லாக உதிரும். உதிர்ந்த இடத்தில் மண் வெளிப்படும், அதில் பியர் ஊறும். பூண் எங்கெங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சரியாக அந்த இரண்டு இடத்திலும்தான்.

நூலகத்தெரு எழுதியது:

பூணுக்குக் காரணம் பாதுகாப்பு மட்டும்தான் என்றால் தகரமோ செம்போ போட்டிருக்கலாமே. அந்தக் காலத்துச் சாட்சியம் இரண்டு இருக்கிறது, அதைப் பார்ப்போம்.

எத்தியென் பெர்லின் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்துக்குப் போய்வந்து எழுதியது 1558-இல் அச்சானது. ஆங்கிலேயர்கள் பியரைக் கண்ணாடியில் குடிப்பதில்லை, வெள்ளிக் கைப்பிடியும் வெள்ளி மூடியும் போட்ட மண்பாண்டத்தில் குடிக்கிறார்கள் என்கிறார். நடுத்தர வசதி உள்ள வீட்டிலும் அப்படித்தானாம். ஏழைகள் வீட்டில் மூடி பியூட்டர், கிராமங்களில் மரக்குவளை. (பியூட்டர் என்பது வெள்ளீயம் அதிகம் உள்ள கலப்பு உலோகம், வெள்ளி மாதிரியே மின்னும்.)

இரண்டாவது வில்லியம் ஹாரிசன். 1577-இல் இங்கிலாந்தைப் பற்றி எழுதியவர். பிரபுக்கள் வீட்டில் வெள்ளியும் வெனிஸ் கண்ணாடியும். அவை இல்லாத இடங்களில் பல நிறமும் பல வடிவமும் கொண்ட மண்பாண்டங்கள், அவற்றில் பலவற்றுக்கு வெள்ளியோ, குறைந்தபட்சம் பியூட்டரோ பூட்டியிருக்கும் என்று சொல்கிறார்.

ஆக, ஒரே ஜாடிக்குப் போடும் மூடியை வைத்தே வீட்டுக்காரரின் வசதியை எடைபோட்டிருக்கிறார்கள்.

கடற்காற்று எழுதியது:

ஹாரிசன் சொல்வதைப் பார்த்தால், வெள்ளிக் குவளை வாங்க முடியாதவர்கள் கொஞ்சம் வெள்ளியை ஒட்டி வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள் என்றுதானே ஆகிறது? ஜாடிக்கு மதிப்பே இல்லை, வெள்ளிக்குத்தான் மதிப்பு.

குயவர்வீதி எழுதியது:

இதில் நான் உடன்பட மாட்டேன் சார். வசதி காட்டுவது மட்டும் நோக்கமாக இருந்தால், மூடிக்கும் பூணுக்கும் ஆகும் வெள்ளியில் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணமே அடித்திருக்கலாம். பத்தர் கூலியும் மிச்சம், அவசரத்துக்கு உருக்கி விற்கவும் வசதி. அதை விட்டுவிட்டு, உருக்கவும் முடியாத, உடையவும் கூடிய ஒன்றைச் சுற்றி வெள்ளியை வளைத்திருக்கிறார்கள் என்றால், அந்த ஜாடியின் நிறத்தில் கண் இருந்திருக்கிறது. அந்தப் பொட்டுப் பொட்டான தெறிப்பு, ஜெர்மனியில் கொலோன் பக்கத்தில் ஃப்ரெக்கென் என்ற ஊரில் செய்த கல்மண் (அதிகச் சூட்டில் கல்போல் இறுகச் சுட்ட மண்) ஜாடிகளின் புள்ளிப் பளபளப்பைப் பார்த்துச் செய்தது. அந்த ஃப்ரெக்கென் ஜாடிகளுக்கு லண்டனிலும் எக்ஸெட்டரிலும் ஏகப்பட்ட வெள்ளிப் பூண் போட்டிருக்கிறார்கள். அவர்கள் 1,200 டிகிரிக்கு மேல் சூளையை ஏற்றி, சூளைக்குள் உப்பை வீசி, அந்த ஆவியில் பளபளப்பு வரவழைத்தார்கள். மாலிங் குயவர்கள் குறைந்த சூட்டில், வெள்ளீயப் பூச்சில், அதே புள்ளித் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஃப்ரெக்கெனின் பழுப்புக் கல்மண்ணில் இல்லாத ஊதாவையும் மயில்நீலத்தையும் சேர்த்தார்கள். ஜாடிக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்தர்மகன் எழுதியது:

நான் வெள்ளி வேலைக் குடும்பம். அந்தக் கண்ணோடு சில விஷயம் சொல்கிறேன்.

மண்ஜாடியின் மேல் வைத்துப் பொடி (பற்றவைக்கும் உலோகத்தூள்) வைத்து ஊத முடியாது. ஊதினால் பூச்சு வெடிக்கும், மண் பிளக்கும். அதனால் நெருப்பு வேலை எல்லாவற்றையும் முதலிலேயே தனியாக முடித்துவிட வேண்டும். பட்டையை வளைத்துப் பற்றவைப்பது, மூடியைத் தட்டி எடுப்பது, புடைப்பு வேலை, செதுக்கு வேலை எல்லாம் ஜாடியைத் தொடாமல். தங்கமுலாமும் அப்படித்தான்: தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துத் தடவி, சூடுகாட்டிப் பாதரசத்தை ஆவியாக ஓட்டுவார்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும். அந்தப் பட்டறைகளில் எத்தனை பேர் கை நடுக்கத்தோடு வாழ்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

அதற்கப்புறம் ஜாடிமேல் ஏற்றுவது முழுக்கக் குளிர்ந்த வேலை. கழுத்துப் பட்டை மேலிருந்து இறங்கும். அதன் கீழ் ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள், ரம்பப் பல் மாதிரியோ இலை நுனி மாதிரியோ வெட்டியிருக்கும். அழகுக்காக மட்டும் வெட்டியது இல்லை. முழு வளையத்தை மண்ணோடு ஒட்ட அழுத்தினால் தகடு சுருக்கம் விழும். பல்லாக வெட்டிவிட்டால் ஒவ்வொரு பல்லையும் தனியாக அழுத்திப் படிய வைக்கலாம். அடிவளையமும் அப்படித்தான், கீழிருந்து ஏற்றி, அடிப்பாகம் விரிகிற இடத்துக்கு மேலே பற்களை மடக்கிவிட்டால் கழன்று வராது. சில ஜாடிகளில் கழுத்துப் பட்டையையும் அடிவளையத்தையும் இணைத்து வயிற்றின் மேல் நீளவாட்டில் பட்டைகள் ஓடும், முனைகளில் சின்னக் கீல், அதற்குள் ஒரு ஊசி. ஊசியைச் செருகினால் மொத்தமும் இறுகிவிடும். மண்ணுக்கும் வெள்ளிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் சாந்தோ பிசினோ வைத்து நிரப்புவார்கள்.

இன்னொன்று. குயவர் சக்கரத்தில் வனைந்தது சூளையில் சுருங்கும், லேசாகக் கோணும். ஒரு ஜாடியின் வாய் இன்னொரு ஜாடியின் வாய்க்குச் சரியாக வராது. ஒவ்வொரு பூணையும் அந்தந்த ஜாடிக்கே அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். அதனால் பூண் எங்கேயாவது தளர்ந்தோ, ஒரு பக்கம் மட்டும் இடைவெளி விட்டோ, நிரப்பல் அளவுக்கு மீறியோ இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்: இந்த வெள்ளி இந்த ஜாடிக்குப் பிறந்ததுதானா?

செம்மண்காடு எழுதியது:

பல்லாக வெட்டுவதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. நன்றி அண்ணா.

தேம்ஸ்கரை எழுதியது:

பத்தர்மகன் கடைசியில் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு, குயவர்வீதியின் முதல் கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மண்ஜாடியில் ஆண்டு கிடையாது, செய்தவர் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. வெள்ளியில் எல்லாம் இருக்கும். லண்டனில் சோதனை போட்ட வெள்ளியில் மகுடம் சூடிய சிறுத்தைத் தலை, நடக்கும் சிங்கம் (இது 1544-இலிருந்து), பத்தரின் குறி, அப்புறம் ஓர் எழுத்து. அந்த எழுத்துதான் ஆண்டு. இருபது எழுத்து கொண்ட சுற்று, ஒவ்வொரு ஆண்டும் ஓர் எழுத்து நகரும், சுற்று முடிந்தால் எழுத்தின் வடிவம் மாறும். 1660 வரை எழுத்து மாறியது ஜனவரியில் அல்ல, மே 19 அன்று, பத்தர்களின் காவல் புனிதரான டன்ஸ்டன் திருநாளில். அதனால்தான் "1581-82" என்று இரட்டை ஆண்டாகக் குறிப்பார்கள்.

இதை வைத்து ஒரு பழைய வழக்கைப் பாருங்கள். இந்த ஜாடிகள் இங்கிலாந்தில் செய்தவையா, வெளியிலிருந்து வந்தவையா? நெடுங்காலம் இவற்றை ஆங்கிலேய மண்பாண்டத்தின் தலைப்பிள்ளை என்று கொண்டாடினார்கள். இங்கிலாந்தில் வெள்ளீயப் பூச்சுத் தொழில் எப்போது தொடங்கியது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. யாஸ்பர் ஆண்ட்ரீஸ், யாக்கோப் யான்சன் என்ற இரண்டு குயவர்கள் ஆன்ட்வெர்ப்பிலிருந்து (இன்றைய பெல்ஜியம், அப்போது நெதர்லாந்தின் பகுதி) 1567-இல் இங்கிலாந்தின் நார்விச்சுக்கு வருகிறார்கள். ஸ்பெயினின் ஆல்பா பிரபு படையோடு நெதர்லாந்தில் நுழைந்த அதே ஆண்டு. புராட்டஸ்டண்டுகள் கூட்டம் கூட்டமாகக் கடலைக் கடந்தார்கள். 1570-இல் இருவரும் எலிசபெத் ராணிக்கு விண்ணப்பம் போடுகிறார்கள்: தரை ஓடுகளும் மருந்துக்கடைப் பாண்டங்களும் செய்யும் இந்தத் தொழிலை இந்த நாட்டுக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் நாங்கள், லண்டனில் இடம் கொடுங்கள் என்று. அடுத்த ஆண்டிலேயே யான்சன் லண்டன் ஆல்ட்கேட்டில் சூளை வைத்துவிட்டார்.

இப்போது ஜாடிகளுக்கு வாருங்கள். மாலிங் வகையில் 1550-ஐ ஒட்டிய லண்டன் முத்திரையோடு பூண் போட்ட ஜாடி உண்டு. ஆல்ட்கேட் சூளைக்கு இருபது ஆண்டு முன்னால்! அந்த ஜாடி லண்டனில் பிறந்திருக்க வழியே இல்லை. ஆன்ட்வெர்ப்பில் இந்தத் தொழில் 1508 வாக்கிலேயே வேரூன்றிவிட்டது. இத்தாலியின் காஸ்டெல் துராந்தேயிலிருந்து வந்த குயிதோ தா சவினோ என்பவர் அங்கே குயிதோ ஆண்ட்ரீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு சூளை நடத்தினார். நார்விச்சுக்கு வந்த யாஸ்பர் அந்தக் குடும்பத்தவர்தான். முந்தைய ஜாடிகளாவது ஆன்ட்வெர்ப் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 1581 பூண் போட்ட வெஸ்ட் மாலிங் ஜாடி விஷயத்தில் மட்டும் லண்டனுக்கும் இடம் கொடுக்கலாம்.

ஒரு பத்தரின் முத்திரை எழுத்து, தான் தொட்டே பார்க்காத ஒரு குயவரின் ஊரைச் சொல்லிவிடுகிறது பாருங்கள்.

கடற்காற்று எழுதியது:

பூண் பிறகு போட்டிருக்கலாமே? பாட்டனார் ஜாடிக்குப் பேரன் பூண் போட்டிருந்தால்?

தேம்ஸ்கரை எழுதியது:

நல்ல கேள்வி. பேரன் போட்டிருந்தால் ஜாடி இன்னும் பழையதாகிறது, என் வாதம் இன்னும் பலமாகிறது. பூணின் ஆண்டு ஒரு பக்கத்துக்குத்தான் வரம்பு கட்டும்: ஜாடி அதற்குப் பிந்தியது இல்லை. எவ்வளவு முந்தியது என்று அது சொல்லாது. அதனால்தான் 1581 என்பதை ஜாடியின் பிறந்த ஆண்டாகப் போடக்கூடாது என்று குயவர்வீதி சொன்னதை முழுக்க ஆதரிக்கிறேன்.

பத்தர்மகன் எழுதியது:

தலைகீழாகவும் நடக்கும். பழைய ஜாடி உடைந்துபோய், அதன் பூணை வேறு ஜாடிக்கு ஏற்றியிருந்தால்? அப்போது பூண் பழசு, ஜாடி புதுசு, உங்கள் வரம்பு செல்லாது. பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கத் தொடங்கியதும் இப்படிச் சேர்த்துக் கட்டியவர்களும் உண்டு, பழைய முத்திரையை வெட்டிப் புது வெள்ளியில் பதித்தவர்களும் உண்டு.

நான் பார்ப்பது இவற்றைத்தான். மூடி, கழுத்துப் பட்டை, அடிவளையம் மூன்றும் ஒரே கை வேலையா? செதுக்கின் ஆழம் ஒன்றாக இருக்கிறதா? முத்திரையைச் சுற்றிப் பற்றவைத்த மெல்லிய கோடு தெரிகிறதா? கீல் ஊசி மாற்றியதா? கைப்பிடி உச்சியில் வெள்ளிப் பட்டைக்குக் கீழே பூச்சு எப்படித் தேய்ந்திருக்கிறது? பல நூறு ஆண்டாக மூடி திறந்து மூடிய ஜாடி என்றால் அந்த இடத்தில் தேய்மானம் வெள்ளியிலும் மண்ணிலும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்க வேண்டும். முத்திரை குறைவாக இருந்தாலே போலி என்று முடிவுகட்டவும் வேண்டாம். பூண் வேலை சின்னது என்பதால் பத்தர் தன் குறியை மட்டும் அடித்து அனுப்பியதும் அந்தக் காலத்தில் சகஜம்.

வெயில்மரம் எழுதியது:

துருக்கியின் இஸ்னிக் ஜாடிகளுக்கும் எலிசபெத் காலத்து வெள்ளிப் பூண் உண்டு. அவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமே.

குயவர்வீதி எழுதியது:

பூண் கணக்கில் தாராளமாகச் சேர்க்கலாம், மண் கணக்கில் வேண்டாம். இஸ்னிக் பாண்டத்தின் உடல் பெரும்பாலும் அரைத்த படிகக்கல் (குவார்ட்ஸ்), கொஞ்சம் கண்ணாடித்தூள், கொஞ்சம் களிமண். அது வேறு தொழில்நுட்பம். ஆனால் லண்டன் பத்தருக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. கடல் கடந்து வந்த வண்ணக் கலம் எதுவானாலும் அவர் பட்டறைக்கு வந்து வெள்ளி போட்டுக்கொண்டு போனது. சீனப் பீங்கானும் அப்படியே.

வெயில்மரம் எழுதியது:

சரி, அப்படியானால் அசல் வெள்ளீயப் பூச்சிலேயே இன்னொரு ஊர் சொல்கிறேன்: ஜெர்மனியின் நியூரம்பெர்க். காலம் ஒரு நூற்றாண்டு தள்ளி.

அதே நாட்டின் ஹானாவில் 1661-இல் இரண்டு டச்சுக்காரர்கள் ஃபயான்ஸ் (வெள்ளீயப் பூச்சு மண்பாண்டம்) தொழிற்சாலை வைக்கிறார்கள். 1666-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒன்று. இங்கே செய்த வெள்ளை ஜாடிகள் சில, ஒரு கோடுகூட வரையாமல் வெறும் வெள்ளையாகவே வெளியூருக்குப் போயின. நியூரம்பெர்க்கில் கண்ணாடிமேல் வரைந்துகொண்டிருந்த ஓவியர்கள் அவற்றை வாங்கி, தங்கள் வீட்டிலேயே எனாமல் வண்ணத்தில் தீட்டி, சின்ன அடுப்பில் குறைந்த சூட்டில் சுட்டார்கள். முன்னோடி யோஹான் ஷாப்பர், 1670-இல் இறந்தவர். கறுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஊசிமுனையால் கீறிக் கீறி, பாழடைந்த கட்டடங்களும் நிலக்காட்சிகளும் வரைந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு முழு நிலவெளி.

இந்த ஜாடிகளுக்குத்தான் வெள்ளி மூடி போட்டார்கள். அதே ஹானா ஜாடி, தொழிற்சாலையிலேயே நீலத்தில் பூ வரைந்து வந்திருந்தால் பெரும்பாலும் பியூட்டர் மூடிதான். குயவர்வீதி சொன்னதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்: மண் ஒன்றே, வடிவம் ஒன்றே, ஓவியரின் கை பட்டதும் மூடி வெள்ளியாக மாறுகிறது. முத்திரை பார்க்கிறவர்களுக்கு: ஆக்ஸ்பர்க் வெள்ளி என்றால் பைன்மரக் காய், நியூரம்பெர்க் என்றால் ஆங்கில 'என்' எழுத்து.

கடற்காற்று எழுதியது:

இந்த உதாரணம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. ஆனாலும் ஜாடி இன்றுவரை பிழைத்தது வெள்ளியால்தான் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூண் இல்லாமல் இதே சூளையில் வெந்த ஜாடிகள் மண்ணுக்கடியில் ஓட்டாஞ்சில்லாகத்தானே கிடைக்கின்றன.

நூலகத்தெரு எழுதியது:

அதில் உங்களோடு நிற்கிறேன். வெள்ளி இருந்ததால் உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் "வெள்ளி பூட்டிய பாண்டம்" என்று இடம் கிடைத்தது, பூட்டி வைத்தார்கள், கைமாற்றிக் கொடுத்தார்கள். வெள்ளி குறைவாக இருந்ததும் நல்லதாகப் போயிற்று என்பது என் எண்ணம். 1640-களின் ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் முழு வெள்ளிப் பாத்திரங்கள் இரண்டு தரப்புக்கும் காசடிக்க உருக்கும் உலைக்குப் போயின. மண்ணைச் சுற்றிய நாலு பட்டையை உரித்து என்ன கிடைத்துவிடும்?

வெஸ்ட் மாலிங் ஜாடி பிழைத்ததற்குக் கோயிலும் காரணம். மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் திருவிருந்துத் திராட்சரசத்தைக் குருவானவர் மட்டுமல்ல, சபையார் எல்லாரும் அருந்தினார்கள். அவ்வளவு ரசத்தைக் கொண்டுவரப் பெரிய கலம் வேண்டும். 1604-இன் திருச்சபை விதிகள், ரசத்தைச் சுத்தமான பியூட்டர் கலத்திலோ அதைவிட உயர்ந்த உலோகத்திலோ கொண்டுவரச் சொல்கின்றன. அதுவரை கிடைத்த கலம் பயன்பட்டது என்பது அந்த விதியிலிருந்தே தெரிகிறது. வீட்டுப் பியர் ஜாடி ஒன்று கோயிலுக்குக் காணிக்கையாக வந்தால் மறுக்கவா போகிறார்கள்? 1903-இல் அந்த ஜாடியை விற்றுத்தான் கோயில் கட்டட வேலைக்குப் பணம் திரட்டினார்கள்.

செம்மண்காடு எழுதியது:

கடைசியாக ஒரு சந்தேகம். இவ்வளவு ஈயம் போட்ட ஜாடியில் தினமும் குடித்தார்களே, உடம்பு என்ன ஆகும்? நானும் எங்கள் கூடத்தில் வெள்ளீயப் பூச்சு செய்துபார்க்க ஆசைப்படுகிறேன்.

குயவர்வீதி எழுதியது:

சரியாக வெந்த பூச்சில் ஈயம் கண்ணாடியோடு கண்ணாடியாகக் கட்டுண்டு இருக்கும், ஆனால் முழுக்கக் கட்டுண்டு இருக்காது. புளிப்பு பட்டால் கரையும். பியரைவிடத் திராட்சரசம் மோசம், காடி அதைவிட மோசம். சூளையில் சூடு குறைந்த மூலையில் வெந்த ஜாடி இன்னும் ஆபத்து. அவர்களுக்கும் ஈயம் போயிருக்கும். அதைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் எரித்துச் சாம்பலாக்கி, அரைத்து, சலித்து, நாள் முழுக்க அந்தத் தூளுக்குள் நின்ற குயவர்கள்தான்.

நீ செய்யும்போது ஈயத்தைத் தொடாதேம்மா. ஈயம் இல்லாத போராக்ஸ் வகை ஃப்ரிட் (உருக்கி அரைத்த கண்ணாடித்தூள்) இப்போது கிடைக்கிறது, அதில் வெள்ளீய ஆக்சைடு சேர்த்தாலே பால்வெண்மை வந்துவிடும். மண்ணில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே, சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணாகத் தேடு. முதலில் சில்லுகளில் சோதனை சுட்டுப்பார். விளிம்பில் பூச்சு பின்வாங்கினால் பூச்சு கனம் அதிகம், இல்லையென்றால் பாண்டத்தில் தூசி இருந்திருக்கும். நீலம் தெளிப்பதற்குக் கோபால்ட் மிகக் கொஞ்சம் போதும். சுட்டதும் படம் எடுத்து இங்கேயே போடு, கழுத்து அளவைச் சொன்னால் பூண் எப்படி வெட்டுவது என்று பத்தர்மகன் சொல்வார்.

பத்தர்மகன் எழுதியது:

தாராளமாக. அளவை சூளையிலிருந்து எடுத்த பிறகு எடு தங்கச்சி, வனைந்தபோது எடுத்த அளவு உதவாது. விளிம்பைச் சுற்றி நாலு இடத்தில் குறுக்களவு எடு. நாலும் ஒன்றாக வராது, பரவாயில்லை, அப்படியே அனுப்பு.